ஒரே கயிறு, இரண்டு ஓய்வூதியம்

என் கணவர் கிணற்றில் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்து கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரம் என்று விட்டுவிட்டேன். நின்று மறுபடியும் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மணி, பதறாத. உசுருக்கு ஒண்ணுமில்ல.”

பேசியது அவருடன் ஒரே தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கும் அண்ணன். துடியலூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அவர் அடுத்துச் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால் மீதி உடம்புக்கு என்ன ஆயிற்று என்றுதான் மனசு ஓடுகிறது. பெரியாஸ்பத்திரி என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. கறியை அப்படியே தட்டுப் போட்டு மூடிவிட்டு ஓடினேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

தீயணைப்பு வீரர் என்றால் எல்லோருக்கும் தீதான் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் வருகிற அழைப்பில் பாதி கிணற்றுக்குத்தான். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பாறையை உடைத்துத் தோண்டிய ஆழக் கிணறு. மாடு விழும், நாய் விழும், சமயத்தில் மனிதர்களும் விழுவார்கள். அன்றைக்கு விழுந்தது ஒரு சினை மாடு. என் கணவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, மாட்டின் வயிற்றுக்கடியில் பெல்ட்டைக் கொடுத்துக் கட்டியிருக்கிறார். மாடு நல்லபடியாக மேலே போய்விட்டது. இவர் ஏறி வரும்போது கால் வைத்த பாறை பெயர்ந்துவிட்டது. ஆள் அந்தரத்தில் வீசப்பட்டு, மோட்டார் குழாயில் இடுப்பு மோதி, அங்கிருந்து கீழே போக ஆரம்பித்திருக்கிறார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் அந்த அண்ணன். விடவில்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இடுப்பெலும்பில் முறிவு, பிளேட் வைக்க வேண்டும், முதுகுத்தண்டு தப்பித்தது என்று டாக்டர் வந்து சொன்னார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வராந்தாவில் ஸ்டேஷன்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

“இவரு புதுப் பென்ஷன்காரரு. ஏதாச்சும் ஆகியிருந்தா அந்த அக்காளுக்கு மாசாமாசம் ஒண்ணும் வராது.”

எனக்கு அது தெரியாத விஷயமில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள், அதற்குப் பிறகு மாதப் பென்ஷன் கிடையாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அறுபது வயதெல்லாம் ரொம்ப தூரத்தில் இருந்ததால் நான் காதில் வாங்கிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், வெறுங்காலோடு நின்று கேட்டபோதுதான் அது எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்த அண்ணனும் என் கணவரும் ஒரே தேர்வு எழுதித் தேறியவர்கள். அண்ணனுக்கு வேலைக்கான உத்தரவு முதலில் வந்தது. இவருக்கு விலாசம் சரிபார்க்கிற வேலை எங்கேயோ இழுத்துக்கொண்டுபோய்ச் சில மாதம் தள்ளி வந்தது. அந்தச் சில மாதத்துக்குள் சட்டம் மாறிவிட்டது. அண்ணனுக்குப் பழைய பென்ஷன். இவருக்குப் புதியது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வண்டியில் போய் ஒரே புகையைக் குடித்திருக்கிறார்கள். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை.

மாதக்கணக்கில் படுக்கை. வீட்டுக்குக் கூட்டி வந்ததும் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். மேட்டுப்பாளையம் ரோட்டில் சைரன் போனால் தலையைத் தூக்குவார். “ஆம்புலன்ஸ்” என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்வார். இல்லையென்றால், “நம்ம வண்டி” என்பார். அப்புறம் அரைமணி நேரத்துக்கு அவரோடு பேச முடியாது. போனை எடுப்பார், வைப்பார், அண்ணனைக் கூப்பிட்டு என்ன தீ, எங்கே, எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பார்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலைக்குப் போகிற இடம் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. கை தானாகச் செய்கிற வேலைதான். ஆனால் அந்த நாட்களில் கம்பியை இழுத்து இழுத்து அறுத்தேன். சுற்று எண்ணிக்கை தப்பியது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது எழுந்து வெளியே போய் நின்றேன். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போனில், “ஏம்மா மூச்சு வாங்குது, ஓடுறியா?” என்று கேட்டாள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஒருநாள் மாமனார் மகனைப் பார்க்க வந்திருந்தார். அன்னூர்ப் பக்கம் அவருடைய ஊர். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய தோட்டத்தில் வேலை செய்தவர். எழுபதைத் தாண்டியும் சோளத்தட்டு வெட்டவும் மாடு பிடித்துக் கட்டவும் போகிறார். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் என் கணவர்தான். மாமனார் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகனின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, மாடு விழுந்த தோட்டத்தின் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கும் இரண்டு தடவை வந்திருந்தார். ஒரு குலை இளநீரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் மாமனார் சட்டென்று எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது.

“அப்பா, உக்காருங்க” என்றார் என் கணவர்.

“இருக்கட்டும் சாமி.”

“உக்காருங்கப்பா!”

தோட்டத்துக்காரரும் சங்கடப்பட்டு, “நீங்க உக்காருங்க பெரியவரே” என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். மாமனார் உட்காரவில்லை. நான் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி கொண்டு வந்து போட்டேன். இரண்டும் காலியாகக் கிடந்தன.

“மாடு நல்லா இருக்குதுங்க. கன்னுப் போட்டிருச்சு” என்றார் வந்தவர். “உங்குளுக்கு இப்படி ஆகிப்போச்சேன்னுதான் ஊட்டுல பொழுதுக்கும் அதே பேச்சு. ஒண்ணு சொல்லறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. ரிட்டயர்டு ஆன பொறவு நம்ம தோட்டத்துக்கு வந்துருங்க. சும்மா வாட்ச்மேன் மாதிரி. உக்காந்தாப்புடிதான் இருக்கோணும். பென்ஷன் இல்லீன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க.”

மனசார உதவ நினைத்துத்தான் சொன்னார். என் கணவர், “பாக்கலாமுங்க” என்று சொல்லி அனுப்பினார். அவர் போன பிறகு மாமனார் மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“என்னம்மணி சொல்லீட்டுப் போறாரு? கவர்மெண்ட் வேலைக்குப் பென்ஷன் இல்லாம எப்புடி?”

“இல்லீங்க மாமா. இவுருக்கு வராதுங்க.”

அவர் சிரித்தார். நான் ஏதோ தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மகன் பக்கம் திரும்பினார். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார், “எம்பட பையன் வயசான காலத்துல ஒருத்தரு தோட்டத்து வாசல்லயும் போயி நிக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே” என்றார். சாப்பிடச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன்.

அன்றிலிருந்து அது எனக்குள் புகுந்துகொண்டது. யாரைப் பார்த்தாலும் பென்ஷன் பற்றியே கேட்டேன். பால் வாங்கப் போன இடத்தில் ஒரு வாத்தியாரம்மாவை நிறுத்திக் கேட்டேன். தனக்கும் இதே கதைதான் என்றார். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து பழைய பென்ஷன் கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்தப்போவதாகவும் அவர்தான் சொன்னார்.

என் கணவர் அதற்குப் போக முடியாது. படுக்கையில் இருக்கிறார் என்பதால் மட்டுமில்லை, எழுந்து நடந்தாலும் போக முடியாது. சீருடை போட்டவர்கள் கொடி பிடித்துக் கோஷம் போடக் கூடாது. ஸ்டேஷனில் யாரும் போகமாட்டார்கள். வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வண்டி ஏறுவார்கள்.

இதை அண்ணனின் மனைவியிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா டீச்சருமில்லை, சங்கத்துக்காரியுமில்லை. வீட்டில் மாவு அரைத்து விற்கிறவர். மாவை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அவிய போகக் கூடாது. நாம போலாமுல்ல?”

“நாமளா?”

“நமக்கு என்ன யூனிபார்மா மாட்டி உட்டிருக்காங்க?”

“உங்குளுக்கு எதுக்குக்கா? உங்க ஊட்டுல வந்துருமே” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எப்படிப் போய் விழுந்தது என்று தெரிந்தது. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

“எனக்கு வரும். உனக்கு வராது. வயசான காலத்துல இதே தெருவுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உன்ற எதுக்க நடக்கறது? அன்னைக்குக் கயிற உட்டிருந்தா எங்கூட்டுக்காரரு இன்னைக்குச் சோறு திங்க மாட்டாரு. கையி ஆறியும் இன்னும் தூக்கத்துல கைய இறுக்கறாரு தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது.

ஆர்ப்பாட்டத்தன்று நாங்கள் இருவரும் டவுன் பஸ் பிடித்து, காந்திபுரத்தில் மாறி, கலெக்டர் ஆபீஸ் பக்கம் இறங்கினோம். வீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பந்தலில் நிறையக் கூட்டம். ஆசிரியர்கள், வருவாய்த் துறைக்காரர்கள், நர்சுகள். எங்களை யாருக்கும் தெரியாது. வெயில் தலையில் இறங்கியது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். பந்தலுக்கு வெளியே நாங்கள் பாட்டுக்கு ஓரமாக நின்றோம். ஒரு அம்மா வந்து எந்தத் துறை என்று கேட்டார்.

“தீயணைப்பு” என்றார் அக்கா.

“நீங்களா?”

“எங்க ஊட்டுக்காரங்க. அவிய வரக் கூடாதுங்க.”

அந்த அம்மா போய் யாரிடமோ சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். திடீரென்று மைக்கில், தீயணைப்பு வீரர்களின் குடும்பத்தினர் வந்திருக்கிறார்கள், பேசுவார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். நான் அக்காவைப் பிடித்துத் தள்ளினேன். அக்கா என்னைத் தள்ளினார். என் கையில்தான் மைக் வந்தது.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒரு பிரசங்கமே செய்துகொண்டு வந்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் எல்லாம் போய்விட்டது. பேசியது இவ்வளவுதான்.

“எங்க ஊட்டுக்காரரு வர முடியாதுங்க. கெணத்துல எறங்குனப்ப இடுப்பொடிஞ்சு படுத்திருக்கறாரு. மேல கயிறு புடிச்சவரு ஊட்டுக்காரம்மாதான் இவுங்க. அவருக்குப் பழைய பென்ஷன், எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பேரும் புடிச்சது ஒரே கயிறுதானுங்க. கயிறு ஒண்ணு, பென்ஷன் மட்டும் எப்புடிங்க ரெண்டு?”

அதற்கு மேல் வரவில்லை. மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு இறங்கி, ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தேன். கை தட்டினார்களா என்றுகூட எனக்கு நினைவில்லை. தட்டினார்கள் என்று அக்கா சொன்னார்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் நான் பேசிய வீடியோ போன் போனாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே நுழைந்தபோது என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போனிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது.

“பல்லு வலி எப்படி இருக்குது?” என்றார்.

நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“எங்கிட்டச் சொல்லாம எதுக்குப் போன?”

“சொன்னா உடுவீங்களா?”

“உட மாட்டேன். எம்பட வேலைக்கு ஏதாச்சும் வந்தா என்ன பண்ணுவே?”

“இடுப்பு போனப்ப யாரு என்ன பண்ணுனாங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். உண்மையிலேயே ஏதாவது நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று வாரம் வாசலில் பைக் நின்றாலே எட்டிப் பார்த்தேன்.

நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் அவருக்கு வாட்ச் ரூமில், போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்து, இவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். அன்று மாலை சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார்.

“பேசுனது யாருன்னு கேட்டாரு. எம்பட ஊட்டுக்காரிங்க ஐயான்னேன். நீங்க அனுப்பிச்சீங்களான்னாரு. இல்லீங்க, பல்லு டாக்டருகிட்டப் போறேன்னு எங்கிட்டயே பொய் சொல்லீட்டுப் போயிட்டாங்கன்னேன்.”

“அப்பறம்?”

“ரொம்ப நேரம் பைலப் பாத்துட்டு இருந்தாரு. நானும் பென்ஷன் சட்டம் மாறுன பொறவு சேந்தவன்தாய்யான்னாரு.”

“அவருக்குமா?”

“அவருக்கும்தான். வீடியோவ வாட்ச் ரூம்ல சத்தமாப் போடாதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாரு.” இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு, “நல்லாத்தான் பேசியிருக்கே” என்றார். முகத்தைத் தட்டில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மூன்றாவது தடவை எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்தும் ஒரு வேன் நிறையப் பெண்கள் போனோம். அக்காதான் ஆள் சேர்த்தது. மாவு வாங்க வருகிறவர்களை எல்லாம் விசாரிப்பார், யார் வீட்டில் புதுப் பென்ஷன் என்று. பேச்சுவார்த்தை நடக்கிறது, கமிட்டி போட்டிருக்கிறார்கள், அறிக்கை வரப்போகிறது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு செய்தி வரும். அதை நம்பி ஒருநாள் நன்றாகத் தூங்குவேன். மறுநாள் அது இல்லை என்பார்கள்.

கடைசியில் ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால், கம்பெனியில் டீ நேரத்தில், பக்கத்தில் வேலை செய்கிற பெண் போனை நீட்டினாள். “அக்கா, பென்ஷன் அறிவிச்சுட்டாங்களாமா, பாருங்க.” வாங்கிப் படித்தேன். இனிமேல் மாதாமாதம் உறுதியான பென்ஷன் உண்டு, ஆள் இல்லாமல் போனால் குடும்பத்துக்கும் உண்டு என்று போட்டிருந்தது. எழுத்து கலங்கியது. உடனே அக்காவின் போன் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மாலையில் அண்ணன் ஜாங்கிரி வாங்கி வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். என் கணவர், “அரசாணை வரட்டும். வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். பழைய பென்ஷனும் இதுவும் ஒன்றா, இல்லையா என்று அவர்கள் இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பது நிற்கப்போவதில்லையே என்றார் என் கணவர். ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்றார் அண்ணன். இத்தனை வருஷத்தில் அதைப்பற்றி அவர்கள் வாய்விட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். மாமனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நாந்தான் அப்பவே சொன்னனே” என்றார்.

இனி நிம்மதியாக இருப்பேன் என்று நினைத்தேன். பொங்கல் முடிந்த வாரம் என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய் உடல்தகுதி எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

“வண்டிக்குத் திரும்பலாமுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“நீங்க கேட்டீங்களா, அவரா சொன்னாரா?”

“நாந்தான் கேட்டேன்.”

“வாட்ச் ரூம்லயே இருந்துக்கலாமுல்லங்க? இடுப்புல பிளேட்ட வெச்சுட்டு எதுக்கு ஏறி எறங்கோணும்?”

“மத்தவன் உள்ள எறங்கறத நான் போன்ல கேட்டுட்டு உக்காந்திருக்கறதா? என்னால ஆகாது அம்மணி.”

“பென்ஷன் வாங்கறதுக்கு ஆளு இருக்கோணுமுங்க.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பென்ஷனுக்காகத்தான் வெயிலில் நின்றேன், அதற்காகத்தான் மைக் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதில் அவர் இந்த வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது. அதை எந்த அரசாணையிலும் எழுதித் தர மாட்டார்கள். இரண்டு நாள் அவரோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள் சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

வண்டிக்குத் திரும்பிய அன்றே அழைப்பு வந்துவிட்டது. நான் கம்பெனியில் இருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டித்தான் எங்கள் ஷெட். சைரன் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனேன். பஸ்கள் ஒதுங்கின. வண்டி பெரியநாயக்கன்பாளையம் பக்கமாகப் போனது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அண்ணன் இருந்தது தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். அவர்களில் என் கணவர் யார் என்று தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். மணி ஒலிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“எனக்கும் கேட்டுது” என்றார்.

“எங்கீன்னு தெரியுமாக்கா?”

“தெரியலடா கண்ணு. பேட்டரிக் குடோன்னு யாரோ சொல்றாங்க. இரு, வெக்காத. லைன்லயே இரு.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. கம்பியின் நுனியைத் தேடிப் பிடித்து, காயிலை முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தேன்.